வெற்றியின் கூலி நூறு டாலர்



மெக்சிகோவைச் சேர்ந்த ஒரு குத்துச்சண்டை வீரர் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரத்தில் பஸ்ஸை விட்டு இறங்குகிறார். வரவேற்க ஆளில்லை, கூட வந்தவர் என்றும் யாருமில்லை. கோட்டு போட்டு, கையில் ஒரு பையோடு, வேலைக்குப் போகிறவரைப் போல நிதானமாக நடந்து விடுதிக்குப் போகிறார். அறைக் கழிப்பறையில் அவருடைய சிறுநீரில் இரத்தம் போகிறது. முகத்தில் அதிர்ச்சி எதுவும் தெரியவில்லை. அவருக்கு அது புதிதல்ல போலும். இரவு கோதாவில் ஏறுகிறார், அடி வாங்குகிறார், தோற்கிறார். பிறகு அதே கோட்டை மாட்டிக்கொண்டு அரங்கத்தின் நீண்ட நடையில் தன்னந்தனியாக வெளியேறுகிறார். அவர் நடக்க நடக்க விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன.

அவர் பெயர் லூசெரோ. 1972-ல் ஜான் ஹூஸ்டன் இயக்கிய ‘ஃபேட் சிட்டி’ படத்தில் அவருக்குப் பேச்சு என்று ஏறக்குறைய எதுவுமே இல்லை. அவர் கதாநாயகனும் அல்ல. கதாநாயகன் மறுபடி தலையெடுக்க வேண்டுமானால் அவன் அடித்து வீழ்த்தியாக வேண்டிய ஆள், அவ்வளவுதான். வேறு எந்தக் குத்துச்சண்டைப் படமாக இருந்தாலும் கதாநாயகனின் கை உயர்த்தப்பட்டதும் இவரை மறந்திருக்கும். ஹூஸ்டன் மறக்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியதிலிருந்து வாசலைத் தாண்டும் வரை கேமரா அவர் பின்னாலேயே போகிறது. உலக சினிமாவில் குத்துச்சண்டையைப் பற்றி எடுக்கப்பட்ட மிக நேர்மையான சில நிமிடங்கள் இவை.

விழுந்துபோன குத்துச்சண்டைக்காரன் புது வாழ்வு தேடும் கதைக்கு சினிமாவில் ஒரு வாய்ப்பாடே உண்டு. முதலில் தோல்வி, பிறகு குடி, விலகிப்போகும் மனைவி. அப்புறம் நம்பிக்கை இழக்காத ஒரு கிழட்டுப் பயிற்சியாளர், விடியற்காலை ஓட்டம், தொங்கும் மணல்மூட்டை மீது விழும் அடிகள். கடைசியில் ஒரு பெரிய சண்டை. அதில் வென்றாலும் தோற்றாலும் அவன் மனிதனாக மீண்டுவிடுகிறான். இந்த வாய்ப்பாட்டைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. அப்படியே நடந்த வாழ்க்கைகள் உண்டு. ஆனால் இந்தப் படங்களிடம் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: சண்டைக்கு மறுநாள் காலையில் அவன் எங்கே போகிறான்? அவன் கையில் எவ்வளவு காசு இருக்கிறது? குத்துச்சண்டை அவனுக்கு விளையாட்டு மட்டுமல்ல, பிழைப்பு. பிழைப்பைப் பற்றிய படம் கூலியைக் காட்டாமல் நழுவக் கூடாது.

வாய்ப்பாடு நிஜமாகவே நடந்த கதையிலிருந்து தொடங்கலாம்.

ஜேம்ஸ் பிராடக் 1905-ல் நியூயார்க்கில் ஏழை ஐரிஷ் குடும்பத்தில் பிறந்தவர். 1929 ஜூலையில் லைட் ஹெவிவெயிட் உலகப் பட்டத்துக்காக டாமி லாஃப்ரனோடு பதினைந்து சுற்றுகள் மோதித் தோற்றார். மூன்று மாதம் கழித்து அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது. பிராடக்கின் சேமிப்பும் அதோடு போயிற்று. வலது கை மறுபடி மறுபடி உடைந்தது. 1933 செப்டம்பரில் ஏப் ஃபெல்ட்மனோடு நடந்த சண்டை முடிவில்லாமல் நிறுத்தப்பட்டது, அதிலும் கை உடைந்தது. அதன் பிறகு அவரை யாரும் கூப்பிடவில்லை. ஹட்சன் ஆற்றங்கரைத் துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கப் போனார். அந்த வேலையும் தினமும் கிடைக்கவில்லை. மனைவி, மூன்று பிள்ளைகள். கடைசியில் அரசாங்க நிவாரணப் பட்டியலில் பெயர் எழுதிக்கொண்டார்.

1934 ஜூன் 14. பிரிமோ கார்னெராவுக்கும் மேக்ஸ் பேயருக்கும் உலகப் பட்டச் சண்டை. அதற்கு முன்னால் கூட்டத்தைச் சூடேற்ற நடத்தும் சிறு சண்டைகளில் ஒன்றில் கார்ன் கிரிஃபின் என்ற வளரும் வீரருக்கு எதிராக நிற்க ஒரு ஆள் தேவைப்பட்டது. பிராடக்கைக் கூப்பிட்டார்கள். தோற்பதற்கென்றே அழைக்கப்பட்டவர். கூலி 250 டாலர். மூன்றாவது சுற்றில் கிரிஃபினை அவர் வீழ்த்தினார். அடுத்து ஜான் ஹென்றி லூயிஸ், அடுத்து ஆர்ட் லாஸ்கி. ஒரே வருடம் கழித்து, 1935 ஜூன் 13 அன்று, நியூயார்க்கின் லாங் ஐலண்ட் நகரில் மேக்ஸ் பேயரைப் பதினைந்து சுற்றுகளில் புள்ளிக்கணக்கில் வென்று ஹெவிவெயிட் உலகச் சாம்பியன் ஆனார். பந்தயச் சந்தையில் அவருக்கு எதிராகப் பத்துக்கு ஒன்று என்று கட்டியிருந்தார்கள். வலது கை உடைந்து கிடந்த மாதங்களில் இடது கையால் மூட்டை தூக்கித் தூக்கித்தான் அவருடைய இடது கைக் குத்து உரம் பெற்றது என்று அவரை அறிந்தவர்கள் சொல்லிவந்தார்கள்.

வாங்கிய நிவாரணப் பணத்தை பிராடக் அரசாங்கத்துக்குத் திருப்பிக் கட்டினார். உலகப் பட்டத்தை வென்றதைவிட இந்தக் காரியத்துக்காகத்தான் அன்றைய அமெரிக்கா அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது என்றால் மிகையில்லை. எழுத்தாளர் டேமன் ரன்யன் வைத்த ‘சிண்ட்ரெல்லா மேன்’ என்ற பட்டப்பெயரையே 2005-ல் ரான் ஹாவர்ட் தன் படத்துக்குத் தலைப்பாக்கினார். ரஸ்ஸல் க்ரோ பிராடக்காகவும், பால் ஜியமாட்டி அவருடைய மேனேஜர் ஜோ கூல்டாகவும் நடித்தார்கள். அந்தப் படத்தின் பலம் அதன் வறுமைக் காட்சிகளில் இருக்கிறது. துறைமுக வாசலில் இன்றைக்கு யார் யாருக்கு வேலை என்று விரல் நீட்டிப் பொறுக்கியெடுக்கும் காட்சி ஒன்று போதும், பொருளாதாரப் பெருமந்தம் என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம்.

ஆனால் அந்தப் படம் ஒரு பெரிய அநியாயமும் செய்தது. நல்லவன் ஒருவன் எழ வேண்டுமானால் எதிரே கெட்டவன் ஒருவன் தேவை என்று நினைத்து மேக்ஸ் பேயரைக் கொலைவெறியராகக் காட்டியது. கோதாவில் ஆளைக் கொன்றுவிட்டு அதில் குளிர்காய்கிறவர் என்பது போன்ற சித்தரிப்பு. நடந்தது வேறு. 1930-ல் பேயரோடு மோதிய ஃப்ராங்கி கேம்பெல் அடிபட்டு இறந்தது உண்மை. அந்தச் சாவு பேயரை உலுக்கிப்போட்டதும் உண்மை. அவர் நீண்ட காலம் அந்தப் பாரத்தைச் சுமந்தார், கேம்பெல் குடும்பத்துக்குப் பணமும் கொடுத்தார். 1933-ல் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து வந்த மேக்ஸ் ஷ்மெலிங்கை எதிர்த்தபோது கால்சட்டையில் தாவீதின் நட்சத்திரத்தைத் தைத்துக்கொண்டு நின்றவர் அவர். நடிகரான அவருடைய மகன் படத்தைப் பார்த்துக் கொதித்துப் பேசியதில் நியாயம் இருக்கிறது. ஒருவனுக்குப் புது வாழ்வு கொடுப்பதற்காக இன்னொருவனின் வாழ்வைக் கறைப்படுத்திய படம் அது. வாய்ப்பாடு வாங்கும் விலை இது. லூசெரோவின் பின்னால் நடந்துபோன ஹூஸ்டனின் கேமராவின் அருமை இங்கேதான் புரிகிறது.

பிராடக்கின் கதையில் படம் அவசரமாகக் கடந்துபோகும் பகுதியும் உண்டு. 1937 ஜூன் 22 அன்று சிகாகோவில் ஜோ லூயிஸ் எட்டாவது சுற்றில் அவரை வீழ்த்திப் பட்டத்தைப் பறித்தார். அந்தச் சண்டைக்குச் சம்மதிப்பதற்கு முன் ஜோ கூல்ட் ஒரு ஒப்பந்தம் போட்டிருந்தார்: லூயிஸின் சண்டைகளை நடத்துகிறவர் சம்பாதிக்கும் லாபத்தில் பத்து ஆண்டுகளுக்குப் பத்து சதவீதம் பிராடக் தரப்புக்கு. லூயிஸ் பன்னிரண்டு ஆண்டுகள் சாம்பியனாக இருந்தவர். பிராடக் மற்ற வீரர்களைப் போலத் தெருவுக்கு வராமல் தப்பியதில் அவருடைய நெஞ்சுரத்துக்கு இருக்கும் பங்கு அந்த ஒப்பந்தத் தாளுக்கும் இருக்கிறது. அப்படியும் அவர் உழைப்பை விடவில்லை. 1960-களின் தொடக்கத்தில் நியூயார்க் துறைமுக வாயிலில் வெரசானோ பாலம் கட்டப்பட்டபோது முன்னாள் உலகச் சாம்பியன் அங்கே வேலை பார்த்தார். சினிமாவுக்கு இதைவிட அழகான பின்கதை வேண்டுமா? ஆனால் அந்தப் பாலத்தைப் படம் நமக்குக் காட்டவில்லை.

மறுநாள் காலையை முதலில் எழுதிக் காட்டியவர்களில் ஒருவர் ராட் செர்லிங். இளமையில் ராணுவத்தில் குத்துச்சண்டை போட்டவர். 1956-ல் தொலைக்காட்சிக்காக ‘ரெக்வியம் ஃபார் எ ஹெவிவெயிட்’ என்ற நாடகத்தை எழுதினார். ஜாக் பாலன்ஸ் நடித்தார். அதை இயக்கிய ரால்ஃப் நெல்சனே இயக்க, 1962-ல் திரைப்படமாக வந்தபோது ஆன்டனி குவின் நடித்தார். படத்தின் தொடக்கச் சண்டை அடிவாங்குகிறவனின் கண்வழியாகவே காட்டப்படுகிறது. எதிரே நின்று அடிப்பவர் இளம் காஷியஸ் கிளே, பின்னாளின் முகமது அலி, தாமே தாமாக வருகிறார்.

இன்னொரு சண்டை போட்டால் கண் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். அந்த முரட்டு மனிதன் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போகிறான். அங்கே மேசைக்கு எதிரே உட்கார்ந்து, தனக்கு என்ன வேலை தெரியும் என்ற சாதாரணக் கேள்விக்குப் பதில் தேடித் தவிக்கிறான். பதினேழு ஆண்டுக் காலம் கோதாவில் நின்றவனுக்கு விண்ணப்பத்தில் எழுதிக்கொள்ள ஒன்றுமில்லை. கோதாவில் விழும் எந்த அடியும் இந்தக் காட்சி அளவுக்கு வலிக்காது. அவனுடைய மேனேஜரோ, தன் வீரன் சீக்கிரமே விழுந்துவிடுவான் என்று பந்தயம் கட்டிக் கடன்பட்டு நிற்கிறவர். தொலைக்காட்சி நாடகத்தின் முடிவில் அவனை ஊருக்கு ரயிலேற்றி விட்டார் செர்லிங். திரைப்படத்தில் அந்தக் கதவையும் சாத்திவிட்டார். மேனேஜரின் கடனை அடைக்க அவன் வேஷம் கட்டிக்கொண்டு பொய் மல்யுத்தம் போட இறங்குகிறான். இரண்டில் எது சரியான முடிவு என்று இன்றும் வாதிடலாம். திரைப்படத்தின் முடிவில்தான் உண்மை அதிகம்.

‘ராக்கி’யைப் பற்றிப் பலரும் நிறையப் பேசியாகிவிட்டது. ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம். 1976-ல் வந்து சிறந்த படத்துக்கான ஆஸ்கரைத் தட்டிச்சென்ற அந்தக் கதைக்குப் பொறி கொடுத்தவர் சக் வெப்னர். 1975 மார்ச் 24 அன்று முகமது அலிக்கு எதிராகப் பதினைந்தாவது சுற்று வரை தாக்குப்பிடித்தவர். சண்டை முடிய பத்தொன்பது விநாடிகள் இருக்கும்போது நடுவர் நிறுத்தினார். வெப்னர் பகலில் மது விற்பனைப் பிரதிநிதியாக வேலை பார்த்தவர். தன் வாழ்க்கையை வைத்து இன்னொருவர் கோடிகள் சம்பாதித்தார் என்று 2003-ல் அவர் ‘ராக்கி’யை எழுதி நடித்த சில்வெஸ்டர் ஸ்டாலோன் மீது வழக்குப் போட்டார். பிறகு அது சமரசத்தில் முடிந்தது. தன் கூலியைக் கேட்க நீதிமன்றம் போக வேண்டியிருந்த மனிதர் அவர்.

இனி ஸ்டாக்டனுக்கு வருவோம்.

லெனர்ட் கார்ட்னர் 1933-ல் அந்த ஊரில் பிறந்தவர். 1969-ல் ‘ஃபேட் சிட்டி’ நாவலை வெளியிட்டார். அது அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதின் இறுதிப் பட்டியல் வரை போனது. அதற்குப் பிறகு அவர் வேறு நாவல் வெளியிடவே இல்லை. படத்துக்குத் திரைக்கதையும் அவரே எழுதினார். தன் ஊரை, அதன் மதுக்கடைகளை, மலிவு விடுதிகளை, தோட்ட வேலைக்குப் போகும் பஸ்களை அவர் அறிந்திருந்த அளவுக்கு அறிந்த எழுத்தாளர் வேறு யாருமில்லை. அதனால்தான் படத்தில் குத்துச்சண்டை அந்தரத்தில் தொங்கவில்லை, ஒரு குறிப்பிட்ட மண்ணில் கால் ஊன்றி நிற்கிறது.

அந்த மண் எது? சான் வாக்கின் பள்ளத்தாக்கு. வெங்காயமும் தக்காளியும் திராட்சையும் அக்ரூட்டும் விளையும் வளமான நிலம். விளைவிப்பவர்கள் மெக்சிகர்கள், ஃபிலிப்பினோக்கள், கறுப்பின மக்கள், வறுமையில் வந்து சேர்ந்த வெள்ளையர்கள். ஸ்டாக்டனின் நடுநகரத்தில் ஃபிலிப்பினோ தொழிலாளர்கள் நிறைந்திருந்த ‘லிட்டில் மணிலா’ பகுதியும், அதை ஒட்டி அன்றாடங்காய்ச்சிகள் தங்கும் தெருக்களும் இருந்தன. நகரைப் புதுப்பிப்பது என்ற பெயரிலும், ஊரைக் குறுக்கே வெட்டிப்போகும் நெடுஞ்சாலைக்காகவும் 1960-களிலிருந்து அவற்றை இடித்துத் தள்ளினார்கள். ஹூஸ்டன் கேமராவோடு போனபோது இடிந்தது பாதி, நின்றது பாதி. கிரிஸ் கிறிஸ்டாஃபர்சனின் பாட்டு ஒலிக்க, படத்தின் தொடக்கத்தில் நகர்ந்துபோகும் அந்தத் தெருக்களும் வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் கிழவர்களும் செட் அல்ல. அங்கே வசித்தவர்களையே அவர் நடிக்க வைத்தார். இன்று அந்தத் தெருக்கள் பலவற்றைப் பார்க்க வேண்டுமானால் இந்தப் படத்தில்தான் பார்க்க முடியும்.

பில்லி டல்லிக்கு வயது முப்பதைத் தொடுகிறது. ஸ்டேசி கீச் நடித்த பாத்திரம். ஒருகாலத்தில் நம்பிக்கை தந்த வீரன். பனாமாவில் ஒரு சண்டைக்கு அவனுடைய மேனேஜர் ரூபன் செலவை மிச்சம்பிடிக்க அவனைத் தனியாக அனுப்பிவிட்டார். புருவம் கிழிந்து தோற்றுத் திரும்பினான். மனைவி போய்விட்டாள். அதிலிருந்து குடி. ஒருநாள் உடற்பயிற்சிக் கூடத்தில் எர்னி என்ற பதினெட்டு வயதுப் பையனோடு விளையாட்டாகக் கையுறை மாட்டுகிறான். ஜெஃப் பிரிட்ஜஸ் அந்தப் பையன். உன்னிடம் திறமை இருக்கிறது, போய் ரூபனைப் பார் என்று டல்லி அவனை அனுப்பிவைக்கிறான். தான் நாசமான வாசலுக்கே இன்னொருவனை வழிகாட்டி அனுப்புகிறான். அதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே நல்ல வாசல் அதுதான்.

குத்துச்சண்டை மறுபடி தொடங்கும் வரை டல்லி தோட்டக் கூலி. விடியுமுன் இருட்டில் தெருமுனையில் நிற்கும் பஸ்களில் ஏறிக்கொள்கிறார்கள். ஏறியவனுக்கு அன்றைக்கு வேலை. வெயிலில் குனிந்து களை கொத்துகிறார்கள், வெங்காயம் அறுக்கிறார்கள். கான்ராட் ஹால் என்ற மாபெரும் ஒளிப்பதிவாளர் இந்த வயல்களைக் கண் கூசும் வெளிச்சத்திலும், மதுக்கடைகளைக் கிட்டத்தட்ட இருட்டிலும் படம் பிடித்தார். கடைக்குள்ளிருந்து டல்லி வெளியே வரும்போதெல்லாம் வெயில் அவன் முகத்தில் அறைகிறது.

அந்தக் காலத்துக் கலிஃபோர்னியத் தோட்டங்களில் குட்டைப் பிடி போட்ட களைக்கொத்து ஒன்று புழக்கத்தில் இருந்தது. நிமிர்ந்து நின்று அதைப் பிடிக்க முடியாது. குனிந்தவன் வரிசை முடியும் வரை குனிந்தே போக வேண்டும். நிமிர்ந்தவன் வேலை செய்யவில்லை என்பது மேஸ்திரிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். முதுகெலும்பைத் தின்ற அந்தக் கருவி தொழிலாளர்களும் அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர்களும் போராடிய பிறகு 1975-ல்தான் தடைசெய்யப்பட்டது. சீசர் சாவெஸும் டோலரஸ் ஹூர்டாவும் 1962-ல் தோட்டத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியது இதே பள்ளத்தாக்கில். ஹூர்டா வளர்ந்த ஊரே ஸ்டாக்டன்தான். 1965-ல் தொடங்கி ஐந்து ஆண்டுகள் நீண்ட திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தம் நடந்ததும் இந்த நிலத்தில்தான். படம் சங்கத்தைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் வயலில் குனிபவனுக்குச் சங்கம் வந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், கோதாவில் நிற்பவனுக்கு அப்படி ஒன்றும் வரவில்லை என்பதைப் படத்தைப் பார்ப்பவர் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நடிகர்களைத் தேர்ந்தெடுத்த விதத்தில் ஹூஸ்டனின் நெஞ்சம் தெரிகிறது. அவரே இளமையில் கலிஃபோர்னியாவில் அமெச்சூர் குத்துச்சண்டை போட்டவர். டல்லி வேடத்துக்கு முதலில் மார்லன் பிராண்டோவைத்தான் அவர் நாடினார். 1954-ல் ‘ஆன் தி வாட்டர்ஃப்ரன்ட்’ படத்தில் தோற்றுப்போன குத்துச்சண்டைக்காரனாக உலகை அழவைத்தவர் பிராண்டோ. அவர் வராதது நல்லதாகப் போயிற்று. அவர் வந்திருந்தால் நாம் பிராண்டோவைப் பார்த்திருப்போம், டல்லியைப் பார்த்திருக்க மாட்டோம். லூசெரோவாக வருகிற சிக்ஸ்டோ ரோட்ரிகஸ் நிஜக் குத்துச்சண்டை வீரர். அதே பெயருடைய பாடகர் வேறு. ரூபனின் உதவியாளாக வரும் ஆர்ட் அராகன் 1950-களில் லாஸ் ஏஞ்சலஸில் பெரும் கூட்டத்தை இழுத்த வீரர். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏர்ல் என்ற பாத்திரத்தில் வருகிறார் கர்ட்டிஸ் கோக்ஸ். 1966 முதல் 1969 வரை வெல்டர்வெயிட் உலகச் சாம்பியனாக இருந்தவர். படத்திலேயே உலகப் பட்டம் வென்ற ஒரே மனிதர் அவர்தான். அவர் படம் முழுக்க யாரையும் ஒரு குத்துக்கூடக் குத்துவதில்லை. சிறையிலிருந்து திரும்பி, தன் காதலியோடு டல்லி வாழ்ந்துவிட்டான் என்று தெரிந்தும் குரலை உயர்த்தாமல் பேசி அனுப்பிவைக்கிறார்.

அந்தக் காதலி ஓமா. சூசன் டைரல் அந்த வேடத்துக்காக ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். குடித்து, அழுது, கத்தி, மறுநிமிடம் குழைந்து பேசும் பெண். டல்லி சண்டைக்குத் தயாராகக் குடியைக் குறைக்கப் பார்க்கும் நாள்களில் ஒரு மாலை அவனே இறைச்சி வறுத்து, பட்டாணியைச் சூடாக்கித் தட்டில் போட்டு அவளைச் சாப்பிட அழைக்கிறான். அவளுக்குப் பசி இல்லை. அவள் குடித்திருக்கிறாள். சாப்பிடு என்று அவன் கெஞ்சுகிறான், அதட்டுகிறான், கடைசியில் உடைகிறான். புது வாழ்வு என்ற பெரிய வார்த்தை அந்தச் சின்ன அறையில் ஒரு தட்டுச் சோறாக வந்து நிற்கிறது. அதைச் சாப்பிட ஆளில்லை. குத்துச்சண்டைப் படங்களில் பயிற்சிக் காட்சி என்று எல்லோரும் எதையெதையோ எடுத்திருக்கிறார்கள். டல்லியின் உண்மையான பயிற்சி இந்த அறையில் நடக்கிறது. அவன் தோற்பதும் இங்கேதான்.

ரூபனைப் பற்றி ஒரு வார்த்தை. நிகலஸ் கொலசான்டோ நடித்த இந்த மேனேஜரைக் கொடியவராகக் காட்டுவது எளிதாக இருந்திருக்கும். படம் அப்படிச் செய்யவில்லை. பையன்களை நம்புகிறார், அவர்களைப் பற்றி இரவில் மனைவியிடம் ஆசை ஆசையாகப் பேசுகிறார், காரில் ஏற்றிக்கொண்டு வெளியூர் போட்டிகளுக்குப் போகிறார். எர்னி முதல் சண்டையிலேயே மூக்கு உடைந்து வருகிறான். வெல்ல வேண்டும் என்ற வெறி இருந்தால் போதும், யாரையும் வீழ்த்தலாம் என்று போகும் வழியில் முழங்கிய இன்னொரு பையன் ஏறிய வேகத்தில் விழுந்து வருகிறான். ரூபன் தளர்வதில்லை. அவருக்குக் கெடுதல் செய்யத் தெரியாது. ஆனால் அவருடைய நம்பிக்கைக்கான விலையை எப்போதும் வேறு யாரோ தங்கள் மூக்கால், புருவத்தால், சிறுநீரகத்தால் கொடுக்கிறார்கள். கண்ணில் படும் வில்லனைக் காட்டிலும் பயங்கரமான ஏற்பாடு இது. இதைச் சினம் கொள்ளாமல், ஒருவரையும் தாழ்த்தாமல் சொன்னதில்தான் கார்ட்னரின் மேன்மை இருக்கிறது.

அப்புறம் லூசெரோவோடு சண்டை வருகிறது. இரண்டு தளர்ந்த உடம்புகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு அடித்துக்கொள்கின்றன. எதிராளியின் உடம்புக்குள் என்ன நோய் இருக்கிறது என்று டல்லிக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். அதனால் கதாநாயகனின் குத்து எதிராளியின் வயிற்றில் இறங்கும் ஒவ்வொரு முறையும் நம் கை தட்ட எழுவதில்லை. டல்லி வெல்கிறான். வென்றது அவனுக்கே தெரியவில்லை, தான் விழுந்துவிட்டோமா என்று கேட்கிறான். ஜெயித்துவிட்டாய் என்று சொன்ன பிறகுதான் முகம் மலர்கிறது.

பிறகு கூலி. ரூபன் கணக்கு பார்க்கிறார். மேனேஜருக்கு வழக்கமான பங்கு உண்டு. குத்துச்சண்டைத் தொழிலில் மூன்றில் ஒரு பங்கு வரை மேனேஜருக்குப் போவது நெடுங்கால வழக்கம். பயிற்சிக் காலத்தில் டல்லி வாங்கித் தின்ற முன்பணமும் கழிகிறது. மிச்சம் நூறு டாலர். டல்லி அதைக் கையில் வைத்துக்கொண்டு நம்ப முடியாமல் பார்க்கிறான். இரத்தம் சிந்தியதற்கு இவ்வளவுதானா? ரூபன் ஏமாற்றவில்லை. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அதுதான் பிரச்சினை. கணக்கில் தப்பு இருந்தால் சண்டை போடலாம், சரியான கணக்கோடு என்ன செய்ய முடியும்? டல்லி ரூபனை உதறிவிட்டு மறுபடி தெருவுக்கு, மறுபடி மதுவுக்குப் போகிறான். வெற்றி அவனை ஒரு அங்குலம்கூட நகர்த்தவில்லை.

தோற்றதால் அழிந்தவனின் கதையை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். வென்றும் மீளாதவனின் கதையை எழுத அசாத்திய துணிச்சல் வேண்டும். கடைசியில் குடித்துத் தள்ளாடும் டல்லி எர்னியைத் தெருவில் பார்த்து வலுக்கட்டாயமாகக் காபி குடிக்க அழைத்துப்போகிறான். எர்னிக்கு இப்போது மனைவியும் குழந்தையும் இருக்கிறார்கள், வீட்டுக்குப் போக வேண்டும். கடையில் காபி ஊற்றும் கிழவரைப் பார்த்து, இவரும் ஒருகாலத்தில் வாலிபராக இருந்திருப்பாரா என்று டல்லி யோசிக்கிறான். ஒருவேளை அவர் சந்தோஷமாகவே இருக்கலாம் என்கிறான் எர்னி. டல்லி திரும்பிச் சீட்டாடுகிறவர்களைப் பார்க்கும்போது சத்தம் எல்லாம் அடங்கி உலகம் ஒரு கணம் உறைந்துவிடுகிறது. எர்னி எழுகிறான். கொஞ்சம் இரு, பேசலாம் என்கிறான் டல்லி. எர்னி உட்கார்கிறான். பேச இருவருக்கும் எதுவும் இல்லை. ஆனாலும் எர்னி எழுந்து போய்விடவில்லை என்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். டல்லிக்குக் கோதா கொடுக்காத ஒன்று அந்த மேசையில் கிடைக்கிறது: அவனோடு உட்கார ஒரு ஆள்.

இந்தப் படமே ஹூஸ்டனுக்கு மறுவாழ்வாக அமைந்தது. ‘த மால்ட்டீஸ் ஃபால்கன்’, ‘த ட்ரெஷர் ஆஃப் த சியரா மாட்ரே’ போன்ற படங்களால் 1940-களில் கொடிகட்டிப் பறந்தவர் 1960-களின் கடைசியில் தொடர்ந்து சறுக்கியிருந்தார். அவர் காலம் முடிந்தது என்றே பலரும் எழுதிவிட்டார்கள். 1972-ல் கான் திரைப்பட விழாவில் இந்தப் படம் திரையிடப்பட்டது, விமர்சகர்கள் கிழவரை மறுபடி கண்டுகொண்டார்கள். வசூல் பெரிதாக இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ‘த மேன் ஹூ வுட் பி கிங்’, ‘ப்ரிட்ஸிஸ் ஆனர்’, சாகும் ஆண்டான 1987-ல் ‘த டெட்’ என்று அவரால் எடுக்க முடிந்தது. இயக்குநருக்கு அறுபது வயதுக்கு மேல் இரண்டாம் வாய்ப்பு கிடைக்கிறது. முப்பதைத் தொடும் குத்துச்சண்டைக்காரனுக்குக் கிடைப்பதில்லை. உடம்பை முதலாகப் போட்டுச் செய்யும் தொழிலின் கொடுமை அது.

கலிஃபோர்னியாவில் இதற்கு ஒரு சிறு பரிகாரம் பிறகு வந்தது. இந்தப் படம் வந்து பத்து ஆண்டு கழித்து, 1982-ல், தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர்களுக்கென்று அந்த மாநிலம் ஓய்வூதிய நிதி ஒன்றைத் தொடங்கியது. அமெரிக்காவில் வேறெந்த மாநிலமும் அப்படிச் செய்யவில்லை. சண்டை பார்க்க வாங்கும் டிக்கெட்டிலிருந்து ஒரு சிறு தொகை அந்த நிதிக்குப் போகிறது. மாநிலத்துக்குள் எழுபத்தைந்து சுற்றுகளுக்குக் குறையாத சண்டைகளுக்கு ஒப்பந்தமாகிக் கோதாவில் நின்றவர் ஐம்பது வயதானதும் அதிலிருந்து பணம் பெறலாம். ஒரு நிபந்தனை உண்டு: இடையில் மூன்று ஆண்டுக்கு மேல் விட்டுப்போயிருக்கக் கூடாது. பத்து சுற்றுச் சண்டை என்றால் எட்டு முறை ஏற வேண்டும், நான்கு சுற்றுச் சண்டைகளில் தொடங்கும் எர்னி போன்ற பையன்கள் பத்தொன்பது முறை ஏற வேண்டும். டல்லி மாதிரி குடியில் சில வருடங்களைத் தொலைத்துவிட்டு மறுபடி வருகிறவனின் கணக்கு அந்த மூன்றாண்டு விதியில் சிக்கி நிற்கும். பெல்ட் வாங்கிய சாம்பியன்கள் இந்த நிதி இல்லாமலும் பிழைத்துக்கொள்வார்கள். விட்டுவிட்டு வருகிறவர்களுக்குத்தான் அது தேவை. அந்த விதியைத் தளர்த்தச் சொல்லிக் கேட்கும் குரல் குத்துச்சண்டையை நேசிக்கும் யாரிடமிருந்தும் வரலாம். தகுதி இருந்தும் அப்படி ஒரு நிதி இருப்பதே தெரியாமல் பணத்தைக் கேட்காமல் கிடக்கும் பழைய வீரர்களும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிக் கண்டுபிடித்து உரிய காசோலையைக் கையில் கொடுப்பதும் நிதியை நிர்வகிக்கும் மாநில விளையாட்டு ஆணையத்தின் வேலைகளில் ஒன்று.